குழந்தை வளர்ச்சி: பிறப்பு முதல் ஐந்து வயது வரை பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தடுப்பூசி நாளில் வரும் தாய்மார்களும், பேரப்பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரும் பாட்டிகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கவலைப்பட வேண்டாத விஷயத்துக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர்களும், கவலைப்பட வேண்டிய விஷயத்தில் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று இரண்டு ஆண்டுகளைத் தொலைத்தவர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். எதற்குப் பொறுக்கலாம், எதற்குப் பொறுக்கவே கூடாது என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டது. என் மகளுக்கு ஒரு வயது முடிந்தும் கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். தாமதமா?

இல்லை. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நல்ல உணவும் பராமரிப்பும் பெற்ற குழந்தைகளை மாதாமாதம் கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006இல் ஓர் அட்டவணை வெளியிட்டது. அதன்படி, பிடிமானம் இல்லாமல் உட்கார்வது 3.8 மாதத்துக்கும் 9.2 மாதத்துக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். தனியே நிற்பது 6.9 முதல் 16.9 மாதம் வரை. தனியே நடப்பது 8.2 முதல் 17.6 மாதம் வரை. நடைக்கு மட்டும் ஒன்பது மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. பத்தாம் மாதம் நடந்த குழந்தையும் பதினாறாம் மாதம் நடந்த குழந்தையும் மூன்று வயதில் ஒன்றாகத்தான் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

மாதக் கணக்கைவிட வரிசையைக் கவனியுங்கள். உடல் மேலிருந்து கீழாகத் தன் வசப்படுகிறது. முதலில் கழுத்து நிற்கும், பிறகு முதுகு, இடுப்பு, கடைசியில் கால். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரைப் பருவத்தை ஐந்தாம் மாதத்தை ஒட்டியும், உட்கார்ந்து கை கொட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்தை ஒட்டியும், தளர்நடையிட்டு வரும் வாரானைப் பருவத்தை ஓராண்டை ஒட்டியும் வைத்தார்கள். இன்றைய அட்டவணையோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை.

பொறுக்கக் கூடாதவை எவை? நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்காதது. ஒன்பது மாதம் முடிந்தும் உட்காராதது. பதினெட்டு மாதம் முடிந்தும் தனியே நடக்காதது. உடல் துணிபோலத் துவண்டு கிடப்பது, அல்லது உடை மாற்ற முடியாதபடி கால்கள் விறைத்துப் பின்னிக்கொள்வது. இன்னொன்று பலர் கவனிக்காதது: ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது. "இவன் இடதுகைக்காரன்" என்று வீட்டில் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். வலக்கையா இடக்கையா என்பது இரண்டு வயதுக்குப் பிறகுதான் தெளிவாகத் தெரியும். அதற்கு வெகு முன்பே ஒரு கை மட்டும் வேலை செய்தால் மற்றக் கைக்கு என்ன என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

தவழாமலே நடக்க ஆரம்பித்துவிட்டான். பாதகம் உண்டா?

இல்லை. மேலே சொன்ன ஆய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் முட்டியிட்டுத் தவழவே இல்லை. சிலர் உட்கார்ந்தபடியே நகர்ந்து போவார்கள், சிலர் உருண்டே கூடத்தைக் கடப்பார்கள்.

வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். குழந்தையை நடுவில் உட்காரவைத்துச் சக்கரத்தில் ஓடவிடும் வாக்கரில் குழந்தை நடக்கக் கற்பதில்லை. தன் எடையைத் தான் தாங்குவதில்லை, கால் விரல் நுனியால் தரையை உந்துகிறது, கீழே தன் பாதத்தைப் பார்க்கவும் முடிவதில்லை. படிக்கட்டில் உருண்ட குழந்தைகளும், வாக்கரில் எட்டிப் போய் வெந்நீரையும் குழம்பையும் இழுத்துக் கொட்டிக்கொண்ட குழந்தைகளும் ஏராளம். கனடா 2004இல் இதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

நம் ஊர்த் தச்சர்கள் செய்துவந்த மூன்று சக்கர மர நடைவண்டி வேறு. குழந்தை பின்னால் நின்று, கைப்பிடியைப் பிடித்து, தன் காலில் நின்று தள்ள வேண்டும். நிற்கத் தெரிந்த பிறகுதான் அதைப் பயன்படுத்தவே முடியும். திருவிழாக் கடையில் கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள்.

நடக்காத குழந்தைக்குத் தேவைப்படுவது தரை. விழித்திருக்கும் நேரத்தில் கண் பார்வையில் குப்புறப் படுக்கவிடுங்கள். ஒரு நாளில் பல தடவையாக மொத்தம் அரை மணி நேரமாவது வேண்டும். தூங்கவைப்பது எப்போதும் மல்லாக்கத்தான்.

ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்டான். இப்போது வாயையே திறப்பதில்லை. மெலிந்துவிட்டான் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். மூன்று கிலோவில் பிறந்த குழந்தை ஐந்து மாதத்தில் ஆறு கிலோவாகும், ஒரு வயதில் ஒன்பது கிலோவாகும். அதாவது முதல் ஆண்டில் ஆறு கிலோ கூடுகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவது இரண்டு, இரண்டரைக் கிலோ மட்டுமே. உயரமும் அப்படித்தான்: பிறக்கும்போது 50 செ.மீ., ஒரு வயதில் 75, இரண்டு வயதில் 87 போல, நான்கு வயதில் 100. வளரும் வேகம் குறையும்போது பசியும் குறையும். தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவதும், போனைக் காட்டி ஏமாற்றி ஊட்டுவதும் இந்த வயதில்தான் தொடங்குகின்றன. இரண்டுமே குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்ததை உணரும் திறனைக் கெடுக்கின்றன.

மெலிவா இல்லையா என்பதை உறவினர் கண் சொல்லக் கூடாது, தாய் சேய் நல அட்டையில் இருக்கும் வளர்ச்சிக் கோடு சொல்ல வேண்டும். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போட்டுப் புள்ளி வைக்கிறார்கள். கோடு கீழ்ப்பகுதியில் இருந்தாலும் தன் பாதையில் மேலேறிக்கொண்டே போனால் பயமில்லை. நல்ல உயரத்தில் இருந்த கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ அந்த மாதமே காரணம் தேட வேண்டும்.

எடையைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இரும்புச்சத்து. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. இது வெளுப்போடு நிற்பதில்லை. மூளை மிக வேகமாக வளரும் காலத்தில் இரும்பு குறைந்தால் கவனமும் கற்கும் திறனும் அடிபடுகின்றன. கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கும் இருக்கலாம், குறிப்பாக நாளெல்லாம் பாலையே குடித்து வேறு எதையும் தொடாத குழந்தைக்கு. ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டாம். டீ கொடுக்கவே கூடாது, உணவில் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்வதை அது தடுக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் தரும் இரும்புச்சத்து சிரப்பை வாரம் இருமுறை ஒரு மி.லி. தவறாமல் கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

எட்டாம் மாதமே பிறந்த குழந்தை. மாதக் கணக்கை எப்படிப் பார்ப்பது?

பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இன்று எட்டு மாதம் என்றால், வளர்ச்சியை ஆறு மாதக் குழந்தையாக நினைத்துப் பாருங்கள். இரண்டு வயது வரை இந்தக் கணக்குத்தான். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதியே கணக்கு.

வசம்பு தேய்த்தால் பேச்சு வரும் என்கிறார்களே? உரை மருந்து, மூக்கில் எண்ணெய்?

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது நல்லதுதான். தொடுகையும் பேச்சும் பாட்டுமாக அரை மணி நேரம் முழுக்கக் குழந்தைக்கே கிடைக்கிறது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது ஆபத்து. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகும். நாக்கில் வசம்பு தேய்த்துப் பேச்சு வந்ததில்லை. அப்படித் தேய்த்துக்கொண்டே காது கேட்கிறதா என்று பார்க்காமல் விட்ட குடும்பங்கள் உண்டு. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் உள்ளே போக வேண்டியதில்லை, உரை மருந்தும் சேர்த்துத்தான். கடையில் வாங்கும் கண் மை சிலவற்றில் ஈயம் கலந்திருக்கிறது. ஈயம் மூளை வளர்ச்சிக்குக் கேடு.

கைக்குழந்தைக்கு என்ன புரியும்? அறிவு வளர்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டிலேயே பார்க்கலாம். ஐந்து மாதக் குழந்தை ஆசையோடு கை நீட்டும்போது கிலுகிலுப்பையின்மேல் ஒரு துண்டைப் போடுங்கள். குழந்தை ஒரு கணம் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடும். அதே குழந்தையிடம் ஒன்பதாம் மாதம் செய்து பாருங்கள். துண்டைப் பிடித்து இழுக்கும், கிலுகிலுப்பை தெரிந்ததும் சிரிக்கும். கண்ணுக்கு மறைந்தாலும் பொருள் இருக்கிறது என்ற அறிவு இடையில் வந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் பியாஜே தன் மூன்று குழந்தைகளிடம் இதைத்தான் பொறுமையாகக் கவனித்து எழுதினார். குழந்தையின் கையைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தால் இந்த அறிவு இன்னும் முன்பே தொடங்குவது தெரிகிறது என்று 1980களில் வந்த ஆய்வுகள் காட்டின. நிகழவே முடியாத ஒன்று நிகழ்ந்ததுபோல் காட்டினால் ஐந்து மாதக் குழந்தைகள் கூடுதல் நேரம் உற்றுப் பார்க்கிறார்கள்.

இதனால்தான் அந்த மாதங்களில் அம்மா கழிவறைக்குப் போனாலும் அழுகிறது. அம்மா எங்கோ இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது, எப்போது வருவாள் என்று தெரியவில்லை. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். குழந்தை பார்க்காத நேரத்தில் நழுவிப் போகவும் வேண்டாம். சொல்லிவிட்டுப் போங்கள், அழட்டும். சொன்னபடி திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் நம்பிக்கை பிறக்கும்.

கையும் அறிவும் சேர்ந்தே வளர்கின்றன. ஆறாம் மாதம் உள்ளங்கையால் வாரி எடுக்கிற குழந்தை, பத்தாம் மாதம் பாயில் சிந்திய ஒற்றை அரிசியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்கும். அன்று முதல் தரையில் கிடக்கும் பொத்தான், மணி, மாத்திரை எல்லாம் வாய்க்குள்தான் போகும். நான்கு வயது வரை முழு வேர்க்கடலை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும்.

மூன்றரை வயது. பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பொத்தான்களைப் போட்டு மூன்று வயதுக் குழந்தையிடம் திறந்து காட்டுங்கள். மூடிவிட்டு, "இப்போது உன் மாமா வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று நினைப்பார்?" என்று கேளுங்கள். "பொத்தான்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்ற நிலை அது. நான்கு, நான்கரை வயதில் அதே குழந்தை "பிஸ்கட்" என்று சொல்லும். என் மனத்தில் இருப்பது வேறு, உன் மனத்தில் இருப்பது வேறு என்று புரிந்துவிட்டது. இந்தப் புரிதல் முளைக்கும் காலத்தில்தான் முதல் பொய்களும் வருகின்றன. பிறர் மனத்தைப் புரிந்து ஆறுதல் சொல்வதும் இதே திறனிலிருந்துதான் வரும். அடிக்காதீர்கள். உண்மையைச் சொன்னால் அடி விழாது என்று தெரிந்த வீட்டில் பொய்க்குத் தேவை குறையும்.

எல்.கே.ஜி.யில் எழுத்து எழுதச் சொல்கிறார்கள். மகள் அழுகிறாள். சோம்பலா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் எழுதுகிறேன். குழந்தை பார்த்து வரையும் திறனுக்கு ஒரு வரிசை இருக்கிறது. இரண்டு வயதை ஒட்டிச் செங்குத்துக் கோடு. மூன்று வயதில் வட்டம். நான்கு வயதை ஒட்டிக் கூட்டல் குறி. நான்கரையில் சதுரம். ஐந்தில் முக்கோணம். உலகம் முழுக்க ஏறக்குறைய இதுதான் வரிசை, பயிற்சி கொடுத்து மூன்று வயதில் முக்கோணம் போடவைக்க முடியாது. இப்போது 'அ' என்ற எழுத்தைப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுக்கைக் கோடு, அதைத் தொட்டு நிற்கும் ஒரு செங்குத்துக் கோடு. மூன்றரை வயதுக் கையில் பென்சிலைக் கொடுத்து நான்கு வரி நோட்டில் இதை ஒரு பக்கம் எழுது என்பது அந்த வயதுக்கு முடியாத வேலை. விரல் எலும்புகளும் சிறு தசைகளும் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. விரல் வலிக்கிறது, அதனால் அழுகிறாள்.

விஜயதசமியன்று மடியில் உட்காரவைத்து, விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைப்பது அழகான சடங்கு. அந்த அரிசித் தட்டையே ஆண்டு முழுவதும் வைத்திருந்தால் நல்லது. மணலில் விரலால் கோடு, சப்பாத்தி மாவில் உருண்டை, பூத்தொடுப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பூ எடுத்துக் கொடுப்பது, பட்டாணி உரிப்பது, பழைய பத்திரிகையைக் கத்தரிப்பது: விரலுக்குப் பலம் இவற்றில் வருகிறது. எழுத்தைத் தொடங்கும்போதும் ட, ப, ம என்று பெரும்பாலும் நேர்கோட்டில் அமைந்தவற்றில் தொடங்கினால் கைக்கு எளிது.

மூன்று, நான்கு வயதில் எழுத்தறிவுக்கு அடிப்படை காதில் இருக்கிறது. கதை கேட்பது, எதுகை வரும் சொற்களைச் சொல்லி விளையாடுவது, 'பல்' என்பதற்கும் 'பள்' என்பதற்கும் வேறுபாடு கேட்பது. நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் பேசும் தமிழும் பாடநூலில் இருக்கும் தமிழும் வேறு வேறாக ஒலிக்கின்றன. படங்கள் உள்ள கதைப் புத்தகத்தை அதில் இருக்கிறபடியே தினமும் வாசித்துக் காட்டினால், பள்ளிக்குப் போகும்போது அந்தத் தமிழ் குழந்தைக்கு அந்நியமாக இருக்காது.

எந்த வயதில் என்ன பேச வேண்டும்?

பேச்சு பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பிறந்து சில நாளான குழந்தை மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலை விரும்பிக் கேட்கிறது என்பது 1980இல் வெளியான ஆய்வு. வயிற்றில் இருந்தபோதே கேட்டுப் பழகிய குரல் அது. இரண்டு மாதத்தில் 'ங்கா', 'ஆகூ' என்று குரல் கொடுக்கும். ஆறேழு மாதத்தில் 'பாபாபா', 'மாமாமா' என்று அடுக்கும். ஒரு வயதை ஒட்டிப் பொருளோடு முதல் சொல் வரும். பதினெட்டு மாதத்தில் பத்துச் சொல்லாவது, இரண்டு வயதில் ஐம்பதை ஒட்டிய சொற்கள், "அம்மா வா", "பால் வேண்டாம்" போல இரண்டு சொல் சேர்த்துச் சொல்வது. மூன்று வயதில் வெளியாள் ஒருவருக்கே பெரும்பகுதி புரியும்படி பேச வேண்டும்.

சொல்லை எண்ணுவதோடு விரலையும் பாருங்கள். ஒன்பது மாதம் முதல் பன்னிரண்டு, பதினான்கு மாதத்துக்குள் குழந்தை காக்கையைக் காட்டும், உடனே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும், மறுபடி காக்கையைப் பார்க்கும். கேட்பதற்காக இல்லாமல், "நீயும் பார்த்தாயா" என்பதற்காக நீட்டுகிற விரல் அது. இந்த மூன்று நொடிக்குள் மொழியின் முழு அடிப்படையும் இருக்கிறது. சொல் தாமதமாகி, விரல் நீட்டுவதும் சொன்னதைப் புரிந்துகொள்வதும் நன்றாக இருக்கும் குழந்தை பெரும்பாலும் எட்டிப் பிடித்துவிடும். விரலும் இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் தமிழும் தெலுங்கும், பள்ளியில் ஆங்கிலம். குழம்பிப் போய்த்தான் பேசவில்லையோ?

இல்லை. பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. தமிழில் இருபது, தெலுங்கில் பதினைந்து சொல் தெரிந்தால் முப்பத்தைந்தாகவே எண்ணுங்கள். இரண்டையும் கலந்து பேசுவதும் இயல்பு.

கைக்குழந்தையின் காது நம் காதைவிட விரிந்தது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் 1984இல் வெளியிட்ட ஆய்வு இது: ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், இந்தியில் உள்ள 'த', 'ட' ஒலிகளைத் துல்லியமாகப் பிரித்தறிந்தார்கள். அவர்களுடைய பெற்றோருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். பத்து, பன்னிரண்டு மாதமாகும்போது குழந்தைகளுக்கும் ஒன்றாகிவிட்டது. எந்த ஒலி சுற்றிலும் கேட்கவில்லையோ அதற்குக் காது மெல்ல மூடிக்கொள்கிறது. ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லும் பெரியவர்கள் நடுவில் குழந்தை வளர்ந்தால், வாய்க்கு ஐந்தாறு வயதில் வரப்போகிற 'ழ'வைக் காது இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளும்.

ஆங்கிலம் வர வேண்டும் என்பதற்காக, தாங்களே தடுமாறும் ஆங்கிலத்தில் குழந்தையோடு பேசும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குக் கதை சொல்ல, கொஞ்ச, கோபப்பட, கேலி செய்ய வரும் மொழியில் பேசுங்கள். முதல் மொழி ஆழமாக வேர் பிடித்தவர்களுக்கு அடுத்த மொழி எளிதாக வரும்.

ஆண் குழந்தை தாமதமாகத்தான் பேசும். அவன் அப்பாவே நான்கு வயதில்தான் பேசினாராம். நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்றும் சொல்கிறார்கள்.

ஆண் குழந்தைகள் சராசரியாக ஓரிரு மாதம் பின்னால் வருவது உண்மை. ஒன்றிரண்டு ஆண்டு பின்தங்குவதற்கு அது காரணமாகாது. நாக்கின் அடியில் உள்ள சவ்வு குறுகியிருந்தால் பால் குடிப்பதும் சில ஒலிகளும் சிரமமாகலாம், ஆனால் சொல்லே வராமல் போகாது. அப்பா தாமதமாகப் பேசியிருந்தால் அதுவே கூடுதல் கவனத்துக்குக் காரணம்.

போனில் பாட்டுப் போட்டால் எல்லா எழுத்தும் சொல்கிறான். நல்லதுதானே?

அமெரிக்காவின் சியாட்டிலில் பட்ரீஷியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து விளையாடினார். இன்னொரு குழுவுக்கு அதே ஆள், அதே பேச்சு, திரையில். நேரில் கேட்டவர்கள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். திரையில் பார்த்தவர்கள் எதையும் கற்கவில்லை. குழந்தை 'ங்கா' என்றால் திரை பதில் சொல்லாது, அது பார்க்கும் பக்கம் திரும்பாது.

இரண்டு வயது வரை திரையே வேண்டாம், ஐந்து வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். வெளியூரில் இருக்கும் தாத்தாவோடு வீடியோ அழைப்பில் பேசுவது இதில் சேராது, அங்கே எதிரில் ஓர் ஆள் இருக்கிறார். எழுத்துகளை ஒப்பிக்கும் குழந்தை "தண்ணீர் வேண்டும்" என்று உங்களிடம் கேட்கிறதா என்று பாருங்கள். ஒப்பிப்பு இருந்து கேட்பது இல்லையென்றால் அது பெருமைப்படும் விஷயம் ஆகாது.

கை தட்டினால் திரும்புகிறான். காது கேட்கிறது என்றுதானே அர்த்தம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கை தட்டும்போது காற்று அசைகிறது, நிழல் அசைகிறது, தரை அதிர்கிறது. கதவு சாத்தும் ஓசை கேட்கும் குழந்தைக்கு 'ஸ', 'த', 'க' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். அதோடு, காது கேளாத குழந்தையும் முதல் சில மாதம் 'ஆ', 'ங்கா' என்று குரல் கொடுக்கும், அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல் வளராமல் தேய்ந்துபோகும். வீட்டில் இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

பிறந்த ஒரு மாதத்துக்குள் காதுப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்வது, ஆறு மாதத்துக்குள் காதுக் கருவியும் பயிற்சியும். உலகம் முழுவதும் பின்பற்றும் கணக்கு இது. ஆறு மாதத்துக்கு முன் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளின் மொழி, பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிடத் தெளிவாக முன்னே நின்றதைக் கொலராடோவில் நடந்த ஆய்வு 1998இலேயே காட்டியது. பரிசோதனையில் வலி இல்லை. தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அதில் சந்தேகம் வந்தால், ஒலி காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் 'பெரா' பரிசோதனை.

சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள், குடும்பத்தில் பிறவியிலேயே காது கேளாதவர் இருப்பவர்கள், கருவுற்றிருந்தபோது ரூபெல்லா வந்தவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, கடும் மஞ்சள் காமாலையோ மூளைக் காய்ச்சலோ வந்த குழந்தை: இவர்கள் கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும். பேச்சு தாமதம் என்று வரும் எந்தக் குழந்தைக்கும் முதல் வேலை காதுப் பரிசோதனைதான்.

காது கேளாத குழந்தைக்கு உள்காதில் காக்ளியர் என்னும் கேட்கும் கருவியைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகிறது. ஆறு வயது என்பது கடைசி எல்லை. இரண்டு வயதுக்குள் செய்வதற்கும் ஐந்தரை வயதில் செய்வதற்கும் பேச்சில் பெரிய வித்தியாசம் இருக்கும். அறுவை முடிந்தவுடன் பேச்சு வந்துவிடாது. அதன்பிறகு மாதக்கணக்கில் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதில் பாதி வேலை வீட்டில்தான்.

ஒன்றரை வயதில் பத்துச் சொல் பேசினான். இப்போது ஒன்றும் பேசுவதில்லை.

நாளைக்கே மருத்துவரிடம் போங்கள். தாமதம் வேறு, வந்த திறன் போய்விடுவது வேறு. எந்த வயதிலும், பேச்சோ நடையோ பார்வைத் தொடர்போ பின்வாங்கினால் பொறுக்கக் கூடாது. பெயர் சொன்னால் திரும்பாதது, முகம் பார்க்காதது, விரல் நீட்டிக் காட்டாதது, வண்டியை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுற்றுவது ஆகியவை சேர்ந்திருந்தால் ஆட்டிசத்துக்கான பரிசோதனை தேவை. பதினாறு மாதத்திலிருந்தே கேள்வித்தாள் வைத்துப் பார்க்க முடியும். ஆட்டிசம் வளர்ப்பால் வருவதில்லை, வேலைக்குப் போன தாயால் வருவதில்லை, தடுப்பூசியால் வருவதில்லை. தடுப்பூசியைக் குற்றம் சொன்ன 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது.

மூன்று வயதில் திக்குகிறாள்.

இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் பல குழந்தைகளுக்கு வருவது, பெரும்பாலோருக்குப் போய்விடும். "நிதானமாகச் சொல்" என்று திருத்தாதீர்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். 'ரயில்' என்பதை 'லயில்' என்று சொல்வது இந்த வயதில் மழலைதான்.

எங்கே காட்டுவது? செலவு ஆகுமா?

தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வருகிறது. அன்று குழந்தையை விடுமுறை எடுக்கவைக்காதீர்கள். குறை இருப்பதாகச் சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். இவை பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இருக்கின்றன. குழந்தை மருத்துவர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காதுப் பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில், கட்டணம் இல்லாமல். யாரும் அனுப்பாமல் நீங்களாகவும் போகலாம். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் 104 எண்ணில் கேளுங்கள்.

போகும்போது தாய் சேய் நல அட்டை, பிரசவ மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள், வீட்டில் குழந்தை விளையாடுவதையும் சாப்பிடுவதையும் எடுத்த இரண்டு நிமிட வீடியோ மூன்றும் எடுத்துச் செல்லுங்கள். புது இடத்தில் குழந்தை அழும், எதையும் செய்து காட்டாது, அப்போது அந்த வீடியோதான் மருத்துவருக்கு உதவும். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டி என்றால் அவரையும் அழைத்துப் போங்கள். "ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், இந்த ஆறு மாதத்தில் வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும், எது நடக்காவிட்டால் முன்னதாகவே வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.